தராசு பிடித்த பெண் யார்? – நாணயக் கேள்வி பதில்

கேள்வி: பரிசாக ஒரு ரோமானியச் செம்புக் காசு கிடைத்தது. முன்பக்கம் ஒரு பேரரசரின் தலை. பின்பக்கம் தராசு பிடித்து நிற்கும் பெண். எழுத்து பாதி தேய்ந்துவிட்டது. இவள் நீதி தேவதைதானே?

பதில்: பெரும்பாலும் இல்லை. ரோமானியக் காசுகளில் நீதியைக் குறிக்கும் யுஸ்டிஷியா வழக்கமாக உட்கார்ந்திருப்பாள். கையில் தட்டும் செங்கோலும் இருக்கும். தராசோடு நிற்பவள் நேர்மையைக் குறிக்கும் ஈக்விடாஸ், இல்லாவிட்டால் நாணயச்சாலைக்கு உரிய மொனேட்டா. இருவருக்கும் ஒரு கையில் தராசு, மறு கையில் பழமும் தானியமும் நிரம்பி வழியும் கொம்பு. உருவத்தை மட்டும் வைத்து இவர்களைப் பிரிப்பது கடினம், எழுத்துதான் சொல்ல வேண்டும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து, காசை மெல்லச் சுழற்றிப் பாருங்கள். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் தெரியாத எழுத்துகள் அப்போது நிழலாக எழும். ஒன்றிரண்டு எழுத்து கிடைத்தாலே போதும்.

முன்பக்கத்தில் இருப்பவர் டொமிஷியன் என்றால் மொனேட்டாவாக இருக்க வாய்ப்பு அதிகம். கி.பி. 82-ல் அவர் வெள்ளிக் காசின் தூய்மையைக் கூட்டினார். அடுத்த சில ஆண்டுகளில் அவருடைய ஆஸ் என்ற செம்புக் காசுகளில் மொனேட்டா அடிக்கடி வருகிறாள். நல்ல காசு தருகிறேன் என்று சாதாரண மக்களின் கைக்குப் போகும் செம்பிலும் அவர் சொன்னதாகவே நான் படிக்கிறேன்.

கேள்வி: பேரரசர்கள் வரிசையில் சேர்ப்பதா, இந்தப் பெண் உருவங்கள் வரிசையில் சேர்ப்பதா? எது நல்லது?

பதில்: என்னைக் கேட்டால் உருவங்கள்தான். பேரரசர் வரிசை என்றால், சில மாதமே ஆண்டவர்களின் காசு கிடைக்காமல் பெட்டியில் இடம் காலியாகவே கிடக்கும். ஒரு குணத்தைப் பிடித்துக்கொண்டு போனால், ஒவ்வொரு ஆட்சியும் எதைப் பற்றிக் கவலைப்பட்டது என்பதே தெரிய ஆரம்பிக்கும்.

சுதந்திரத்தைக் குறிக்கும் லிபெர்டாஸை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் கூம்புத் தொப்பி வைத்திருப்பாள். விடுதலை பெற்ற அடிமை அணிவது அது. பேரரசர் நீரோ செத்ததும், கி.பி. 68-ல் அடுத்து வந்த கால்பா அவளைக் காசில் கொண்டுவருகிறார். 96-ல் டொமிஷியன் கொல்லப்பட்டதும் நெர்வா மறுபடி கொண்டுவருகிறார். இரண்டு காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், 'முந்தியவன் கொடுங்கோலன், நான் அப்படி இல்லை' என்று இருவரும் ஒரே வார்த்தையில் சொல்வது தெரியும்.

அதே நெர்வாவின் இன்னொரு காசு என் சேகரிப்பில் எனக்கு மிக நெருக்கமானது. பெண் உருவம் இல்லை, கோத்த இரண்டு கைகள் மட்டும்; சுற்றிலும் படைகளின் ஒற்றுமை என்று எழுத்து. அந்த ஒற்றுமை அவருக்கு வாய்க்கவில்லை. 97-ல் மெய்க்காவல் படையே அரண்மனையில் அவரை வளைத்துப் பிடித்து, டொமிஷியனைக் கொன்றவர்களை ஒப்படைக்க வைத்தது. அதைப் படித்துவிட்டு அந்தக் காசைக் கையில் எடுக்கும்போது, அந்தக் கிழவரின் பயம் எனக்குப் புரிகிறது. அவர் வேண்டிக்கொண்டதைத்தான் காசில் அடித்தார்.

எல்லாமே இவ்வளவு இருட்டு இல்லை. நம்பிக்கையைக் குறிக்கும் ஸ்பெஸ் கையில் ஒரு பூவோடு, பாவாடை நுனியைத் தூக்கிப் பிடித்தபடி நடந்து வருவாள். கிளாடியஸ் அரியணை ஏறியது கி.பி. 41-ல்; அதே ஆண்டில் மகன் பிரிட்டானிகஸ் பிறந்தான். அவருடைய செஸ்டெர்ஷியஸ் என்ற பெரிய காசில் இவளைப் பார்க்கும்போது அந்தக் குழந்தையின் நினைவும் சேர்ந்தே வரும். ஹேட்ரியனின் செஸ்டெர்ஷியஸில் மகிழ்ச்சியாகிய ஹிலாரிடாஸ் பனை ஓலையோடு நிற்பாள், இரு பக்கமும் ஒவ்வொரு குழந்தை. அது நல்ல நிலையில் எதிர்ப்பட்டால் யோசிக்காதீர்கள்.

கேள்வி: வெண்கலக் காசு என்கிறார்கள். ஆனால் சிலது மஞ்சளாக இருக்கிறதே?

பதில்: மஞ்சளாக இருப்பது உண்மையில் பித்தளை, அதாவது செம்பும் துத்தநாகமும் கலந்தது. அகஸ்டஸ் காலத்திலிருந்து செஸ்டெர்ஷியஸும் டுபாண்டியஸும் அதில்தான், ஆஸ் செம்பில். நாலு ஆஸ் ஒரு செஸ்டெர்ஷியஸ், நாலு செஸ்டெர்ஷியஸ் ஒரு வெள்ளி டெனாரியஸ். டுபாண்டியஸும் ஆஸும் ஏறக்குறைய ஒரே அளவு. நீரோ காலத்திலிருந்து பேரரசர் தலையில் சூரியக் கதிர் போன்ற கிரீடம் இருந்தால் பெரும்பாலும் டுபாண்டியஸ் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: பச்சை பிடித்திருக்கிறது. எலுமிச்சைச் சாறு போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். வழவழப்பாக, கெட்டியாகப் படிந்த பச்சைதான் அந்தக் காசை இவ்வளவு காலம் காத்தது. அமிலம் பட்டால் அதோடு எழுத்தும் ஆடை மடிப்பும் போய்விடும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு, நீரை மாற்றிக்கொண்டே இருங்கள். மென்மையான தூரிகை போதும். அவசரமே கூடாது.

ஆனால் வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் அது வேறு விஷயம். குளோரைடு உப்பு ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தை உள்ளேயிருந்து அரிக்கிறது. வெண்கல நோய் என்பது அதைத்தான். அந்தக் காசைத் தனியாக எடுத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள். பொடி திரும்ப வந்தால் உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள். பிவிசி உறைகளில் எந்தக் காசையும் வைக்க வேண்டாம்.

கேள்வி: செஸ்டெர்ஷியஸ் வாங்கப் போகிறேன். முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: செதுக்கித் திருத்தியதா என்று பாருங்கள். போலி வார்ப்பை எடையும் விளிம்பும் பல நேரம் காட்டிக்கொடுக்கும். உண்மையான பழைய காசிலேயே இன்றைய உளி வைத்து முடியையும் மடிப்பையும் புதிதாக வெட்டியிருந்தால் கண்டுபிடிப்பது கடினம். முகம் தேய்ந்து, முடி மட்டும் கூர்மையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். உருவத்தைச் சுற்றியுள்ள வெற்றிடம் கண்ணாடி மாதிரி சமமாக இருந்தாலும் அப்படியே. பழைய ஏலப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். அன்றைய படத்தையும் இன்றைய காசையும் ஒப்பிட்டால், இடையில் யாராவது கைவைத்திருந்தால் தெரிந்துவிடும்.