சுகர் புண்ணுக்கு அட்டை விடலாமா?

கேள்வி: என் மாமனாருக்கு 61 வயது, காசிமேட்டில் மீன் வியாபாரம். 14 வருஷமாகச் சுகர். போன வருஷம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். கெளுத்தி முள் குத்திய கால் பெருவிரல் புண் ஒன்றரை மாதமாகியும் ஆறவில்லை, ஓரம் கறுத்திருக்கிறது. வலியே இல்லை என்கிறார். தெரிந்தவர் ஒருவர் வீட்டுக்கே வந்து அட்டை விட்டு, கெட்ட ரத்தத்தை எடுத்துவிடுவதாகச் சொல்கிறார். மாமியாரும் மூட்டுவலிக்குக் கூடவே விட்டுக்கொள்கிறேன் என்கிறார். செய்யலாமா?

பதில்: மாமனாருக்கு வேண்டாம். அந்த ஆளை வரவேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

அட்டை வைத்தியத்தைக் கேலி செய்கிற ஆள் இல்லை நான். சித்த மருத்துவத்தில் 'அட்டை விடல்' முறையான புறமருத்துவம். எங்கள் ஆபரேஷன் பக்கமும் அது உண்டு. துண்டான விரலை ஒட்டும்போது ரத்தம் கொண்டுவரும் தமனியைத் தைத்துவிடலாம், திரும்ப எடுத்துப்போகும் சிரை மெல்லிசு, சில நேரம் தைக்கவே வராது. உள்ளே வந்த ரத்தம் வெளியே போக வழியில்லாமல் விரல் வீங்கி நீலம் பாயும். புதுச் சிரைகள் முளைக்கும்வரை சில நாள் அந்த ரத்தத்தை இழுத்துவிடுவதுதான் அட்டையின் வேலை. 1985ல் பாஸ்டனில் நாய் கடித்துத் துண்டான ஒரு சிறுவனின் காதை இப்படித்தான் காப்பாற்றினார்கள், 2004ல் அமெரிக்க அரசே அட்டையை மருத்துவ சாதனமாக அனுமதித்தது.

உங்கள் மாமனாரின் விரலில் கதை தலைகீழ். நாள்பட்ட சுகரில் காலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயே அடைபடும், ஓரம் கறுப்பதைப் பார்த்தால் எனக்கு அந்தச் சந்தேகம்தான் முதலில் வருகிறது. வருகிற ரத்தமே பற்றாத இடத்தில் அட்டை இருப்பதையும் உறிஞ்சி, தன் மூன்று தாடையால் புதிதாக ஒரு காயமும் போட்டால் அதுவும் ஆறாது. 'கெட்ட ரத்தம்' என்று விரலில் தனியாக ஒன்று தேங்கி நிற்பதில்லை, உடம்பு முழுக்க ஓடுவது ஒரே ரத்தம்தான்.

அப்புறம் அந்த மாத்திரை. ஒரு அட்டை குடிப்பது 5 முதல் 15 மில்லிதான், ஆனால் அதன் எச்சிலில் உள்ள ஹிருடின் ரத்தத்தை உறையவிடாது என்பதால் அட்டை விழுந்த பிறகும் கடிவாய் மணிக்கணக்கில் கசியும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவருக்கு எப்போது நிற்கும் என்று யார் சொல்ல முடியும்? அதற்காக மாத்திரையை நிறுத்தி வையுங்கள் என்று அவர் சொன்னால், அதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள், ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. இன்னொன்று, அட்டையின் குடலில் ஏரோமோனாஸ் என்ற கிருமி இருக்கிறது, ஆஸ்பத்திரியில் இதற்காகவே ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டுதான் அட்டை விடுவோம். ஒருவருக்கு விட்ட அட்டையை இன்னொருவருக்கு விடமாட்டோம், அழித்துவிடுவோம். பாட்டிலில் அட்டையோடு வீடு வீடாகப் போகிறவர் நேற்று அதை யார் காலில் விட்டாரோ, மஞ்சள் காமாலைக் கிருமிகூட அந்த வழியில் வரலாம்.

வலியில்லை என்கிறாரே, அதுதான் எனக்குப் பயம். நரம்பு மரத்துப்போயிருக்கிறது. நாளைக் காலை வெறும் வயிற்றில் காத்திருக்க வைக்காமல், சாப்பாடும் மாத்திரையும் கொடுத்தே ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், மாத்திரைச் சீட்டும் கையில் இருக்கட்டும். காலுக்கு ரத்த ஓட்டம் எப்படி என்று டாப்ளர் ஸ்கேன் பார்க்க வேண்டும், எலும்பு வரை சீழ் போயிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அடைப்பு இருந்தால் அதைத் திறக்க வழி உண்டு, ரத்தம் இறங்கினால்தான் புண் ஆறும். இதற்குள் காய்ச்சல், நாற்றம், மேலே ஏறும் வீக்கம் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

மாமியார் விஷயம் வேறு. மூட்டுத் தேய்மான வலிக்கு அட்டை விட்டு ஜெர்மனியில் 51 பேரிடம் செய்த ஆய்வு 2003ல் வெளிவந்தது, சில நாளைக்கு வலி குறைந்தது, தேய்ந்த மூட்டு வளர்ந்துவிடவில்லை. அவருக்குச் சுகர், ரத்தசோகை, ரத்தம் உறையாமைக்கான மாத்திரை எதுவும் இல்லையென்றால் அரும்பாக்கம் அரசு இந்திய மருத்துவமனையிலோ தாம்பரம் சானடோரியம் தேசிய சித்த நிறுவனத்திலோ டாக்டரைக் கேட்கட்டும். வீட்டில் வேண்டாம்.

மாமனார் இனி மார்க்கெட்டுக்குள் வெறுங்காலோடு போகக்கூடாது. ரப்பர் செருப்பும் போதாது, முள் ஏறாத மூடிய ஷூ வாங்கிக் கொடுங்கள், தினமும் இரவு நீங்களே உள்ளங்காலைப் பாருங்கள். அவருக்குக் குத்தியது தெரியாது.