ராத்திரி அலர்ட் பார்க்கிற வேலைக்கா இன்ஜினியரிங் படித்தாள்?

வணக்கம் ஐயா.

மகளுக்கு வந்திருக்கும் ஆஃபர் லெட்டரைப் படித்தேன். 'டேட்டா இன்டக்ரேஷன் சப்போர்ட், சுழற்சி ஷிஃப்ட், ஆன்-கால் உண்டு' என்ற வரிதான் உங்களைக் கலங்க வைத்திருக்கிறது என்று புரிகிறது. (ஆன்-கால் என்றால் ஷிஃப்ட் இல்லாத நேரத்திலும் கூப்பிட்டால் வேலை பார்க்க வேண்டும்.) "நாலு வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துவிட்டு, எங்கே சிவப்பு விளக்கு எரிகிறது என்று பார்த்துக்கொண்டு உட்காரும் வேலையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சேரட்டும். ஆனால் கையெழுத்துப் போடும் முன் கம்பெனியிடம் சில கேள்விகள் கேட்டாக வேண்டும். அவற்றைக் கடைசியில் சொல்கிறேன்.

ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் ஒரு ஜவுளிக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிளையின் பில், குடோன் இருப்பு, ஆன்லைன் ஆர்டர் எல்லாம் தனித்தனி மென்பொருளில் இருக்கும். கடை சாத்திய பிறகு இவற்றை இழுத்து, சீர்படுத்தி, ஒரே இடத்தில் சேர்ப்பதற்கு (இதுதான் டேட்டா இன்டக்ரேஷன்) இன்ஃபர்மேட்டிகா, அசூர் டேட்டா ஃபேக்டரி, ஏர்ஃப்ளோ போன்ற தளங்கள் இருக்கின்றன. இப்படி ஓடும் ஒவ்வொரு வேலைத் தொடரையும் பைப்லைன் என்பார்கள். பெரிய நிறுவனத்தில் நூற்றுக்கணக்கில் ஓடும். எல்லாவற்றையும் யாரும் கண்கொட்டாமல் பார்க்க முடியாது. அதனால்தான் ஏதாவது நின்றால் மெயிலோ, டீம்ஸ் செய்தியோ, ரொம்ப அவசரம் என்றால் போன் அழைப்போ வருகிற மாதிரி அலர்ட் வைக்கிறார்கள்.

'பைப்லைன் ஃபெயில் ஆனால் மெயில் அனுப்பு' என்று அமைப்பது சுலபம். மேலே சொன்ன எந்தத் தளத்திலும் பத்து நிமிட வேலை. கஷ்டம் அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

ஒரு கிளையிலிருந்து வரவேண்டிய ஃபைல் அன்றைக்குக் காலியாக வருகிறது, தலைப்பு வரி மட்டும் இருக்கிறது. பைப்லைன் அதை ஒழுங்காகத் திறந்து, பூஜ்யம் வரிகளை ஒழுங்காக ஏற்றி, பச்சை காட்டிவிட்டுப் போய்விடும். எதுவும் ஃபெயில் ஆகவில்லை, அதனால் அலர்ட்டும் இல்லை. காலையில் முதலாளி பார்க்கும் ரிப்போர்ட்டில் அந்தக் கிளை மட்டும் ஒரு ரூபாய்க்குக்கூட விற்றிருக்காது. இதைப் பிடிக்க வேண்டுமென்றால் 'ஓடியதா' என்று கேட்டால் போதாது. 'எத்தனை வரி வந்தது, போன வாரம் இதே கிழமையில் எத்தனை வந்தது' என்று கேட்கத் தெரிய வேண்டும். கிழமையை ஏன் சொல்கிறேன் என்றால், ஞாயிற்றுக்கிழமை விற்பனையைத் திங்களோடு ஒப்பிட்டால் வாரா வாரம் பொய் அலர்ட்தான் வரும். ஆடித் தள்ளுபடி நேரத்தில் இந்தக் கணக்கும் உதவாது. வியாபாரம் தெரியாதவர் நல்ல அலர்ட் எழுத முடியாது. இந்த வேலையில் உங்கள் மகளுக்குக் கிடைக்கப்போகும் உண்மையான படிப்பு இதுதான்.

மெயில் வந்தும் யாரும் படிக்காவிட்டால் ஆபத்துதான். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனத்தில் நடந்தது இத்துறைக்காரர்கள் இன்றும் பேசுகிற கதை. அது டேட்டா பைப்லைன் இல்லை, பங்கு ஆர்டர் அனுப்பும் மென்பொருள். ஆனாலும் பாடம் ஒன்றுதான். காலை 9.30-க்குச் சந்தை திறக்கும் முன்பே அவர்களுடைய கணினி, ஊழியர் குழு ஒன்றுக்குப் பிழையைச் சுட்டும் 97 மெயில்களை அனுப்பியிருந்தது. அவை அலர்ட் என்று திட்டமிட்டு அமைக்கப்பட்டவை அல்ல. அந்த மாதிரி மெயிலைத் திறந்து பார்க்கும் வழக்கமும் அங்கே இல்லை. சந்தை திறந்து 45 நிமிடத்தில் நடந்த தவறான வர்த்தகங்களால் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். அலர்ட் அதிகமானாலும் இதே கதிதான், புலி வருது கதை மாதிரி. தினமும் இருநூறு மெயில் வருகிற பெட்டியில் இருநூற்று ஒன்றாவதாக வருவதை யார் படிப்பார்கள்?

இதற்கு நேர்மாறாக, அனுப்பிய அலர்ட் போய்ச் சேராமலே இருந்ததும் உண்டு. 2017 ஜனவரி 31 அன்று நிரலாளர்களின் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் முதன்மை டேட்டாபேஸின் கோப்புகளைத் தவறுதலாக அழித்துவிட்டார். சரி, தினசரி பேக்கப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று போனால் பேக்கப்பே இல்லை. டேட்டாபேஸின் பதிப்பு ஒன்று, பேக்கப் கருவியின் பதிப்பு வேறு. அதனால் பேக்கப் ஃபெயில் ஆகிக்கொண்டிருந்தது. ஃபெயில் ஆனதைச் சொல்ல மெயிலும் கிளம்பியது. ஆனால் அந்த மெயில்களில் அனுப்பியவரை உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பம் இல்லாததால் பெறும் சர்வர் அவற்றைத் திருப்பித் தள்ளிவிட்டது. சுமார் ஆறு மணி நேரத் தகவல் மொத்தமாகப் போயிற்று. நிறுவனமே இதையெல்லாம் மறைக்காமல் எழுதி வெளியிட்டது. மகளை அந்த அறிக்கையை இணையத்தில் தேடி ஒரு முறை பொறுமையாகப் படிக்கச் சொல்லுங்கள். எத்தனையோ கோர்ஸ் வீடியோவை விட அது பிரயோஜனம்.

அப்புறம் நீங்கள் கேட்ட இரவு ஷிஃப்ட். இதில் பல பெற்றோருக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. வாடிக்கையாளர் எந்த நாடு என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். இந்தப் பைப்லைன்கள் பெரும்பாலும் அந்த வாடிக்கையாளர் ஊர் நள்ளிரவுக்குப் பிறகு ஓடும். நியூயார்க்கில் நள்ளிரவு என்றால் நமக்குக் கோடையில் காலை 9.30, குளிர்காலத்தில் 10.30. அதாவது அமெரிக்கக் கிழக்குக் கரை வாடிக்கையாளரின் இரவு ஓட்டம் நம் பகல் ஷிஃப்டிலேயே முடிந்துவிடலாம். லண்டன் என்றால் விடியற்காலை 4.30 அல்லது 5.30. இந்திய வங்கியோ கடையோ என்றால் நிஜமாகவே நடுராத்திரி. ஆகவே 'நைட் ஷிஃப்ட் உண்டா' என்று பொதுவாகக் கேட்காமல், 'எந்த நாட்டு கிளையன்ட், பேட்ச் (அந்த இரவு ஓட்டம்) எத்தனை மணிக்கு ஓடும்' என்று மகளையே ஹெச்.ஆரிடம் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் போன் செய்யாதீர்கள். அக்கறையில்தான் செய்வீர்கள், ஆனால் மகளின் மதிப்பு அங்கே குறைந்துவிடும்.

ஏ.ஐ. இந்த வேலையை விழுங்கிவிடுமா என்பது அடுத்த கவலை. ஒரு பகுதியை விழுங்கும், விழுங்கிக்கொண்டும் இருக்கிறது. அலர்ட் வந்தால் டிக்கெட் (பிரச்சினைப் பதிவு) போடுவது, மறுபடி ஓட்ட 'ரீரன்' அழுத்துவது, பச்சையானதும் டிக்கெட்டை மூடுவது: இதை மட்டும் செய்கிறவருக்கு எதிர்காலம் இல்லை என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் ரீரனையே கண்ணை மூடிக்கொண்டு அழுத்த முடியாது. பாதி ஏறி நின்ற பைப்லைனை அப்படியே மறுபடி ஓட்டினால், எழுதிய விதத்தைப் பொறுத்து, ஏறிய பில்கள் இரண்டாம் முறையும் ஏறிவிடும். விற்பனை இரட்டிப்பாகத் தெரியும். எங்கே நின்றது, எதை அழித்துவிட்டு எங்கிருந்து ஓட்ட வேண்டும் என்று லாக்கை, அதாவது பைப்லைன் ஓடிய பதிவேட்டை, படித்துச் சொல்கிறவர்தான் சப்போர்ட்டின் அடுத்த படியான எல்-2க்குப் போவார்; அங்கிருந்து பைப்லைன்களையே உருவாக்கும் டேட்டா இன்ஜினியர். எல்-1 என்ற முதல் படி இருக்கையில் ஒன்றரை வருஷத்துக்கு மேல் உட்காரக் கூடாது என்பது என் கணக்கு.

சேருவதற்கு முன் இருக்கும் நாட்களில் சர்டிபிகேட் கோர்ஸுக்குப் பணம் கட்ட வேண்டாம். டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்.க்யூ.எல். கையில் ஓடுகிற அளவுக்கு வரட்டும், மற்றதெல்லாம் பிறகு. வீட்டு லேப்டாப்பில் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளைப் போட்டு, தினமும் ஒரு ஃபைலை ஏற்றும் சின்ன பைத்தான் நிரல் எழுதட்டும். வரி குறைந்தால் தன் போனுக்கு டெலிகிராம் செய்தி வரும்படி செய்யட்டும். தானாகச் செய்தி அனுப்பும் டெலிகிராம் பாட் அமைக்கக் காசு கிடையாது. அப்புறம் வேண்டுமென்றே இணைப்பைத் துண்டித்து, காலி ஃபைலைக் கொடுத்துப் பார்க்கட்டும். கடைசியாக லேப்டாப்பையே அணைத்து வைக்கட்டும். அப்போது செய்தி வராது, ஏனென்றால் அனுப்ப வேண்டிய நிரலே ஓடவில்லை. 'குறித்த நேரத்துக்குள் நல்ல சேதி வராவிட்டால் என்னைக் கூப்பிடு' என்று வெளியே இன்னொரு இடத்தில் ஏற்பாடு தேவை என்பது அந்தக் கணத்தில் தானாகப் புரியும். செய்தி வாசகத்தையும் அவரே எழுதட்டும். 'ஜாப் ஃபெயில்டு' என்று மட்டும் வந்தால் தூக்கக் கலக்கத்தில் படிக்கிறவருக்கு ஒன்றும் விளங்காது. எந்தப் பைப்லைன், எந்தப் படியில், எப்போது நின்றது, காலை எந்த ரிப்போர்ட் பாதிக்கும், முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று நாலு வரியில் இருக்க வேண்டும். பின்னால் வேறு இன்டர்வியூவுக்குப் போகும்போது இதைக் காட்டினால் பேச்சின் போக்கே மாறும்.

இனி ஹெச்.ஆரிடம் கேட்க வேண்டியவை. சுழற்சியில் மொத்தம் எத்தனை பேர்? இரண்டே பேர் என்றால் ஒருவர் லீவு எடுத்தால் மற்றவர் கதி அதோகதி. ஆன்-காலுக்குத் தனிப்படி உண்டா, ராத்திரி எழுப்பினால் மறுநாள் ஓய்வு உண்டா? இரவு என்றால் வீட்டு வாசல் வரை கேப் உண்டா? எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி: அலர்ட் விதிகளை மாற்றும் அனுமதி சப்போர்ட் டீமுக்கு உண்டா, அல்லது டிக்கெட் மூடுவது மட்டும்தானா? பின்னது என்றால், வேறு ஆஃபர் கையில் இருக்கும் பட்சத்தில் இதை விட்டுவிடலாம். வேறில்லை என்றால் சேர்ந்து, உள்ளேயே வேறு டீமுக்கு மாற வழி பார்க்கலாம்.

பாண்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு வருஷ பாண்ட் பரவாயில்லை, தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் மட்டும் கொடுக்க வேண்டாம். சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பித் தரச் சொல்லுங்கள். பதில்கள் மெயிலில் வரட்டும். வந்ததும் எனக்கு அனுப்புங்கள், சேரும் தேதிக்கு முன் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிடலாம்.