லோக்கல் வண்டியா, லைன் வண்டியா? வேலூர்ப் பக்கத்து டிரைவர்களுக்குப் பதில்கள்

பதில் சொல்பவர் ராணிப்பேட்டையிலிருந்து கான்பூர், கொல்கத்தா வரை பல வருடங்கள் லைன் லாரி, அதாவது தொலைதூர லாரி ஓட்டியவர். இப்போது வேலூரில் ஒரு மளிகை மொத்த வியாபாரிக்கு லோக்கலில் ஐஷர் லாரி ஓட்டுகிறார்.

குடியாத்தம்: அண்ணா, எனக்கு 23 வயது. எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸ் மட்டும்தான் இருக்கிறது. இதை வைத்துக் குட்டி யானை (டாடா ஏஸ்) ஓட்டலாமா?

தாராளமாக ஓட்டலாம் தம்பி. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்கு எல்.எம்.வி. போதும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. குட்டி யானை, தோஸ்த், பொலேரோ பிக்கப் எல்லாம் அந்த எடைக்குள் வந்துவிடும். பத்துச் சக்கர வண்டிக்குப் போக வேண்டுமென்றால் ஹெவி லைசென்ஸ் எடுத்தாக வேண்டும். அதற்கு வயது 20 ஆகியிருக்க வேண்டும், எல்.எம்.வி. எடுத்து ஒரு வருடம் முடிந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் படிப்பு கட்டாயம் என்ற விதியை 2019-லேயே எடுத்துவிட்டார்கள். யாராவது அதைச் சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதே.

ஆற்காடு: லோக்கலில் 18,000 சம்பளம் என்கிறார்கள். லைனுக்கு வந்தால் 30,000 நிற்கும் என்று மாமா கூப்பிடுகிறார். எதற்குப் போகட்டும்?

மாமா சொல்வது வண்டி ஓடுகிற நாள் கணக்கு. வண்டி நிற்கிற நாளுக்கு யார் காசு கொடுப்பது என்று அவரிடம் கேளுங்கள்.

லைனில் நடப்பது இதுதான். ஓனர் அட்வான்ஸ் கொடுப்பார். டோல் பாஸ்டேகில் போய்விடும், டீசலுக்குத் தனிக் கணக்கு. மீதியில் லோடு ஏற்றுகிறவர்களுக்கு டீக்காசு, தார்பாய் கட்டுகிற கூலி, வழியில் மாமூல், மூன்று வேளைச் சாப்பாடு எல்லாம் போக மிஞ்சுவதுதான் உங்கள் பேட்டா. வடக்கே போய் லோடு இறக்கியாயிற்று என்று வையுங்கள். ரிட்டன் லோடு உடனே கிடைக்காது. புரோக்கர் ஆபீஸ் வாசலில் வண்டியைப் போட்டுவிட்டு இரண்டு நாள், மூன்று நாள் உட்கார்ந்திருப்போம். கம்பெனி கேட்டுக்குள் போனாலும் இறக்க ஆள் இல்லை, நாளைக்கு வா என்பார்கள். அந்த நாட்களில் வண்டிக்கு டீசல் செலவு இல்லை, ஓனருக்குக் கவலையும் அவ்வளவு இல்லை. ஆனால் டிரைவருக்குப் பசிக்கும் இல்லையா?

வண்டி காத்துக் கிடக்கிற நாளுக்கு ஹால்டிங் பணம் என்று ஒன்று உண்டு. அதைப் பார்ட்டி, அதாவது லோடு கொடுத்தவன், வண்டி ஓனரிடம் கொடுத்துவிடுவான். அதில் டிரைவருக்கு எவ்வளவு என்று வேலைக்குச் சேரும்போதே பேச வேண்டும். பேசாமல் வண்டி ஏறியவனுக்கு ஒன்றும் வராது. இதற்கு நேரான பதில் சொல்லும் ஓனராக இருந்தால் லைனுக்குப் போங்கள். ‘அதெல்லாம் பார்த்துக்கலாம்பா’ என்றால் 18,000-த்திலேயே இருங்கள்.

சத்துவாச்சாரி: லோக்கல் என்றால் ஸ்டியரிங் பிடிப்பது மட்டும்தானே? ராத்திரி வீடு வந்து சேரலாம் இல்லையா?

வீடு வந்து சேரலாம், அது உண்மை. ஸ்டியரிங் மட்டும்தான் என்பது இல்லை. நேதாஜி மார்க்கெட், லாங் பஜார் பக்கம் விடியும் முன்பே உள்ளே போய் இறக்கிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் தள்ளுவண்டி, ஆட்டோ, பைக் என்று முன்னேயும் போக முடியாது, பின்னேயும் வர முடியாது. கிரீன் சர்க்கிளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், ஒவ்வொரு கடையிலும் பெட்டியை எண்ணிக் கொடுப்பது நாம்தான். ஒரு பெட்டி எண்ணெய் குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். கடைக்காரர் கையெழுத்துப் போடும் முன்பு அவர் கண் முன்னாலேயே எண்ணிவிடுங்கள். கல்லாவில் கூட்டம், அப்புறம் எண்ணிக்கலாம் என்று அவர் சொன்னாலும் நகராதீர்கள். கேபினிலிருந்து குதித்து இறங்காதீர்கள். நாளைக்கு முப்பது முறை ஏறி இறங்கும் வேலை இது, முட்டி சீக்கிரம் போய்விடும்.

ஆம்பூர்: தோல் லோடு ஏற்றலாமா? வாடகை நன்றாகக் கிடைக்கும் என்கிறார்கள்.

எந்தத் தோல் என்று பாருங்கள். பதப்படுத்தி முடித்த தோலும் ஷூ பெட்டியும் நல்ல லோடு. மழையில் நனையாமல் கொண்டுபோனால் போதும். உப்புப் போட்ட பச்சைத் தோல் வேறு கதை. கட்டுக்கட்டாக அடுக்கும்போதே உப்புத் தண்ணீர் கசிய ஆரம்பித்துவிடும். பாடியின் மூலைகளில் தேங்கி, பின் கதவின் கீல் வழியாகச் சொட்டிக்கொண்டே வரும். இறக்கியவுடன் தரையை நன்றாகக் கழுவாவிட்டால் தகடு இற்றுப்போகும். முதலில் சேஸிஸ் போல்ட்டு துருப்பிடிக்கும், அது கண்ணுக்கே தெரியாது. கழுவுகிற கூலியையும் வாடகையில் சேர்த்துப் பேசுங்கள். துர்நாற்றத்துக்கு வாடகை கிடையாது, அது இலவசம்.

ஷூ கன்டெய்னரைச் சென்னைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோவதாக இருந்தால் ஓட்டுகிற தூரம் குறைவு, வரிசையில் நிற்கிற நேரம் அதிகம். ஆற்காடு தம்பிக்குச் சொன்ன ஹால்டிங் விஷயம் இங்கேயும்தான்.

காட்பாடி: என் வீட்டுக்காரர் லைனுக்குப் போகப்போவதாகச் சொல்கிறார். நான் என்ன கேட்டுக்கொள்ள வேண்டும் அண்ணா?

ஒற்றை டிரைவரா, டபுள் டிரைவரா என்று கேளுங்கள் தங்கச்சி. முக்கியமானது அதுதான். 1961-இல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே ஒரு நாளைக்கு 8 மணி நேரம், தூரப் பயணமானால் 10 மணி நேரம் என்றுதான் வரையறுத்தது. ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு என்றும் அதில் இருந்தது. ரோட்டில் அதை யாரும் மதிப்பதில்லை. ஆனால் தூக்கம் சட்டத்தைப் பார்த்து வருவதில்லையே. இரவு இரண்டிலிருந்து ஐந்து மணிக்குள் வண்டி ஓரம்கட்டியிருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். அதுவும் ரோட்டோரத்தில் நிறுத்தினால் பின்னால் வருகிறவன் இடிப்பான். விளக்கு எரிகிற பங்க்கில் நிறுத்தச் சொல்லுங்கள். டீசல் திருட்டுக்கும் தார்பாய் கிழிப்புக்கும் அதுதான் பாதுகாப்பு. ஓட்டும்போது போன் பண்ணாதீர்கள், அவர் நிறுத்தும்போது கூப்பிடட்டும்.

வாணியம்பாடி: இந்தி தெரியாமல் வடக்கே போக முடியுமா?

நம் பக்கத்துப் பையன்களுக்கு இந்தக் கேள்வியே வரக்கூடாது. வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ஆம்பூரில் உருது காதில் விழாத தெரு உண்டா? அதை வைத்தே நாக்பூரைத் தாண்டிவிடலாம். சித்தூர்ப் பக்கம் போக நமக்கிருக்கும் அரைகுறைத் தெலுங்கு போதும்.

பள்ளிகொண்டா: வழியில் வண்டி ரிப்பேர் ஆகி இ-வே பில் (சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி. ஆன்லைன் சீட்டு) காலாவதியாகிவிட்டால் டிரைவர் மாட்டுவாரா?

பிடித்தால் வண்டி அங்கேயே நிற்கும், கூடவே நாமும்தான். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் பில் செல்லும் என்பது கணக்கு. டில்லிக்கு 2,000 கிலோமீட்டருக்கு மேல் என்பதால் பத்து நாளுக்கு மேல் கிடைக்கும், பிரச்சினை இல்லை. ஆபத்து கிட்டத்து லோடில்தான். சென்னைக்குப் போகிற லோடு 200-க்குள் வரும், ஒரே நாள்தான். பிரேக் டவுன் ஆனால் உடனே அனுப்பியவருக்குச் சொல்லுங்கள். காலாவதிக்கு 8 மணி நேரம் முன்போ, ஆன பிறகு 8 மணி நேரத்துக்குள்ளோ நீட்டிக்கலாம். வேறு வண்டிக்கு மாற்றினால் பில்லில் புது வண்டி நம்பரைப் போட வைக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்கின் மதிப்பு ஒரு லட்ச ரூபாய்க்குள் என்றால் இ-வே பில்லே தேவையில்லை. மாநிலம் தாண்டினால் 50,000-தான் எல்லை.

வாலாஜா: லோன் போட்டுச் சொந்தமாகக் குட்டி யானை வாங்கலாமா?

கையில் நிரந்தரமாக ஒரு பார்ட்டி இல்லாமல் வாங்காதீர்கள். ஸ்டாண்டில் போட்டுக் காத்திருந்தால் தவணை மட்டும்தான் ஓடும். முதல் எட்டு வருடம் எப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான். அதற்கப்புறம் வருடா வருடம். பழைய வண்டி மலிவாகக் கிடைத்தால் இந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒடுகத்தூர்: இப்போதுதான் ஹெவி லைசென்ஸ் வாங்கியிருக்கிறேன். முதலில் எந்த லைன் போகட்டும்?

எடுத்தவுடன் வடக்கு வேண்டாம். சென்னை அல்லது பெங்களூருக்கு ஒரு மூத்த டிரைவரோடு இரண்டாவது ஆளாகப் போ. கிருஷ்ணகிரி வழியாகப் போகும்போது, ஏற்றத்தில் லோடோடு எப்படிக் கியர் இறக்குகிறார், இறக்கத்தில் பிரேக்கை மிதிக்காமல் எப்படிக் கியரிலேயே பிடித்து வருகிறார் என்று பார்த்துக்கொள். தார்பாய் கட்டவும் அவரிடமே கற்றுக்கொள். கயிறு தளர்ந்தால் நடுரோட்டில் ஏறிக் கட்டப்போவது நீதான்.