மடியில் குழந்தையை வைத்து ஒரே பெல்ட்டா?

எட்டு மாதக் குழந்தையை முன் சீட்டில் மனைவி மடியில் வைத்து, இருவருக்கும் சேர்த்து பெல்ட் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது நண்பரே. வண்டி மோதினால் அம்மாவின் எடை முழுக்க பெல்ட்டுக்கும் அவருக்கும் நடுவில் மாட்டிய பிள்ளை மேல்தான் இறங்கும், போதாததற்கு எதிரே ஏர்பேக் வேறு கண்ணிமைப்பதற்குள் வெடித்து விரியும். முன் சீட்டு சன் வைசரை இறக்கிப் பாருங்கள், எச்சரிக்கைப் படமே ஒட்டியிருக்கும்.

பின் சீட்டில், முகம் வண்டியின் பின்பக்கம் பார்த்தபடி குழந்தை சீட் மாட்டுங்கள். சீட்டும் சாய்மானமும் சேரும் இடுக்கில் விரலை விட்டால் ஐசோஃபிக்ஸ் கம்பி, அதாவது குழந்தை சீட்டை பெல்ட் இல்லாமலே வண்டியோடு பூட்டும் கம்பி, தட்டுப்படும், அதில் மாட்டுகிற சீட்டாகவே வாங்கிவிட்டால் தலைவலி மிச்சம். ஆர்129 (குழந்தை சீட்டுக்கான ஐ.நா. பாதுகாப்புத் தரம்) முத்திரை உள்ள சீட் என்றால் குறைந்தது 15 மாதம் வரை பின்பார்த்தபடிதான். தோள் வாரைக் கிள்ளினால் மடிப்பு விழக் கூடாது, விழுந்தால் இன்னும் இறுக்குங்கள். அழுவான்தான், அழட்டும். 14 வயதுக்குள் உள்ள பிள்ளையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதமும் உண்டு.

அப்புறம், ஷோரூமில் இலவசம் என்று தரும் சீட் கவர். உங்கள் முன் சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் என்று சின்னத் துணிச்சீட்டு தைத்திருந்தால் பக்கவாட்டு ஏர்பேக் அதற்குள்ளிருந்துதான் விரியும், அதனால் அந்தப் பக்கத்தை மூடுகிற கவரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.