முடி மாற்று அறுவை: புதிய மருத்துவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

பெங்களூரில் தோல் மருத்துவம் பார்க்கும் நான், இத்துறையில் புதிதாக நுழையும் தமிழ் மருத்துவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

டாக்டர், எஃப்யூடி, எஃப்யூஈ இரண்டில் எதை முதலில் கற்பது? (ஜெயநகர்)

நோயாளிகள் தழும்புக்கு அஞ்சி, வேர்களை ஒவ்வொன்றாகத் துளைத்தெடுக்கும் எஃப்யூஈயையே கேட்கிறார்கள். ஆயினும், பின்தலைத் தோலைப் பட்டையாக எடுத்து நுண்ணோக்கியின் கீழ், நடுவதற்கான சிறு வேர்த்துண்டுகளான கிராஃப்டுகளாகப் பிரிக்கும் எஃப்யூடியில் சில வாரங்களேனும் உட்கார்ந்து பாருங்கள். முடிவேர் எப்படி வளைகிறது என்பதைக் கண்ணால் கண்டவருக்கே, எஃப்யூஈயில் வேரைச் சுற்றி வெட்டும் குழல் வடிவக் கருவியான பஞ்ச் (punch) கைவசப்படும்.

எஃப்யூஈயில் வேர்கள் நிறைய அறுபடுகின்றன, மேடம். என்ன தவறு? (அல்சூர்)

தோலுக்கு மேலே தெரியும் முடியின் சாய்வும் உள்ளே வேர் செல்லும் சாய்வும் ஒன்றல்ல. மேலே தெரிவதை மட்டும் நம்பிப் பஞ்சை ஆழமாக இறக்கினால் வேர் துண்டாகும். 0.8 முதல் 1 மில்லிமீட்டர் வரையிலான பஞ்சை முடியின் திசையிலேயே வைத்து, ஆழத்தைக் குறைத்துத் தொடங்குங்கள். முதல் இருபது கிராஃப்டுகளை எடுத்தவுடன் நிறுத்தி, அவற்றை உருப்பெருக்கியில் பார்த்துச் சாய்வையும் ஆழத்தையும் திருத்திய பிறகே மேலே செல்லுங்கள். இந்த ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்த நினைத்து, மறுபடி முளைக்காத வேர்களை நானும் தொடக்கத்தில் வீணாக்கியிருக்கிறேன். எடுத்தவற்றை உலரவிடாமல் குளிர்ந்த சலைனில் வையுங்கள்.

இருபத்து மூன்று வயதுப் பையன், நெற்றி முடிக்கோட்டைக் கீழே இறக்கச் சொல்கிறான். செய்யலாமா? (ஒயிட்ஃபீல்டு)

அவசரப்படாதீர்கள். முடி உதிர்வுக்கு நம் ஊர் போர்வெல் தண்ணீரைத்தான் எல்லோரும் திட்டுவார்கள். உண்மையில் இவ்வயதினரில் பெரும்பாலோருக்குப் பரம்பரை வழுக்கைதான் காரணம். அது இன்னும் பின்னோக்கிப் பரவக்கூடும், பின்தலையின் கையிருப்போ அளவுக்கு உட்பட்டது. இன்று முன்னே கொட்டித் தீர்த்துவிட்டால் நாற்பதாவது வயதில் உச்சந்தலைக்கு எதை எடுப்பீர்கள்? முதலில் மருந்து தந்து, உதிர்வு எவ்வளவு தூரம் செல்கிறது என்று கவனியுங்கள். பின்னாளில் செய்யும்போதும் முதல் வரிசையில் ஒற்றை முடிக் கிராஃப்டுகளை மட்டும், ஒழுங்கற்ற கோடாக வையுங்கள்.

தோலை மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் ஊசியில் எவ்வளவு வரை போகலாம்? (பசவனகுடி)

அட்ரினலினோடு கிலோவுக்கு 7 மில்லிகிராம் உச்சவரம்பு, மொத்தம் 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. எழுபது கிலோ எடையுள்ளவருக்கு 2% கரைசலில் ஏறக்குறைய 24 மில்லிலிட்டர். பல மணி நேரம் நீளும் அறுவையில் தவணைகளை எழுதி வையுங்கள்.

டெக்னீசியனிடம் பஞ்சைக் கொடுக்கலாமா? (ஹெப்பால்)

கூடாது. வெட்டும் வேலை பயிற்சி பெற்ற மருத்துவருடையது. யூடியூபிலோ பட்டறையிலோ பார்த்தது மட்டும் பயிற்சியாகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் கூறியிருக்கிறது.