சிக்னலில் நின்றால் இன்ஜின் சூடாகிறது, ஓடும்போது ஆவதில்லை. ஏன்?

ரேடியேட்டர் என்பது இன்ஜினின் சூட்டைக் கூலன்ட்டிடமிருந்து (இன்ஜினைக் குளிர்விக்க உள்ளே ஓடும் திரவம்) வாங்கிக் காற்றிடம் தள்ளிவிடும் பாகம். வண்டி ஓடும்போது காற்று தானாகவே முன்பக்கம் வந்து மோதும். நின்றுவிட்டால் ஃபேனை மட்டுமே நம்ப வேண்டும். எனவே நிற்கும்போது மட்டும் சூடானால், முதலில் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள்.

சுற்றுகிறதா? சரி, அடுத்தது பலரும் கவனிக்காத இடம்: ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு. ரேடியேட்டரின் மூலை முடுக்கெல்லாம் காற்றை இழுக்க வைப்பது அதுதான். ஸ்ட்ராவில் கீறல் விழுந்தால் எவ்வளவு உறிஞ்சினாலும் இளநீர் வராமல் வெறும் காற்று வருமே, அதே கதைதான். கூடு உடைந்திருந்தால் ஃபேன் பக்கவாட்டுக் காற்றையே இழுக்கும். டிங்கரிங் வேலைக்குப் பிறகு இந்தக் கூட்டையும் ஓரத்து ஃபோம் பட்டைகளையும் மாட்டாமல் விடுவது உண்டு. வண்டியை எடுக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

அப்புறம் அழுக்கு. பெரும்பாலான கார்களில் ரேடியேட்டருக்கு முன்னால் ஏசி கண்டென்சர், அதாவது ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் பாகம், இருக்கும். இரண்டுக்கும் நடுவே தூசியும் பூச்சிகளும் அடைத்திருப்பது வெளியே தெரியாது. இன்ஜின் ஆறிய பிறகு, உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். பிரஷர் வாஷ் வேண்டாம், மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கி வழியையே அடைத்துவிடும்.

கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியைச் சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றினால் சூடு தீரும் என்று பலர் நம்புகிறார்கள். அதனால் ரேடியேட்டருக்குக் கிடைக்கும் காற்று அதிகமாகாது, காலையில் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரத் தாமதமாகி பெட்ரோல்தான் கூடுதலாகச் செலவாகும்.