கணினி கேள்வி–பதில்: லெப்டோனிகா இருக்கிறது, ஆனால் இல்லை என்கிறதே?

கேள்வி: எங்கள் ஐயா வீட்டில், இரண்டாம் கட்டு அலமாரி நிறைய பழைய அச்சுப் புத்தகங்கள் இருக்கின்றன. ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்றுவதற்காக டெசராக்ட் என்ற மென்பொருளை உபுண்டு லினக்ஸில் மூல நிரலிலிருந்து கட்டமைக்கிறேன். தேவையானவை கணினியில் உள்ளனவா என்று சோதிக்கும் கான்ஃபிகரை ஓட்டினால், 'லெப்டோனிகா 1.74 அல்லது அதற்கு மேல் தேவை' என்று நின்றுவிடுகிறது. படங்களைக் கையாளும் அந்த லெப்டோனிகாதான் ஏற்கெனவே இருக்கிறதே ஐயா?
– கல்லூரி மாணவர், கோட்டையூர்

பதில்: ரோஜா முத்தையா நூல் சேர்த்த ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு நிரம்ப மகிழ்ச்சி, தம்பி.

அந்தப் பிழைச் செய்தியை முடிவு வரை படியுங்கள். எந்தப் பொதியை நிறுவ வேண்டும் என்று அதிலேயே இருக்கும்: லிப்லெப்டோனிகா-டெவ். உங்களிடம் இருப்பது, ஏற்கெனவே கம்பைல் ஆன, அதாவது மூல நிரலிலிருந்து ஓடும் வடிவுக்கு மாறிய, மென்பொருள்கள் ஓடும்போது பயன்படுத்தும் நூலகம் (பொது நிரல் தொகுப்பு) மட்டும். புதிதாக ஒன்றைக் கம்பைல் செய்ய அதில் என்னென்ன உண்டு என்று கம்பைலருக்குச் சொல்லும் ஹெடர் ஃபைல்களும், நூலகம் எங்கே இருக்கிறது, எந்தப் பதிப்பு என்று சொல்லும் சிறு குறிப்புக் கோப்பும் வேண்டும். கான்ஃபிகர் தேடுவது அந்தக் குறிப்புக் கோப்பை. இவையெல்லாம் 'டெவ்' என்று முடியும் பொதியில்தான் வரும். லினக்ஸில் மூல நிரலைத் தொடுகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இது.

பிழை வந்தவுடன் வலையில் கிடைக்கும் கட்டளைகளை எல்லாம் சூடோ (நிர்வாகி அதிகாரம்) போட்டு ஒட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. கான்ஃபிகர் தான் சோதித்த ஒவ்வொன்றையும் கான்ஃபிக்.லாக் என்ற கோப்பில் எழுதி வைக்கிறது. குட்டி நிரல்களை எழுதி, கம்பைல் செய்து பார்த்தது வரை அதில் இருக்கும். அதைத் திறந்து, முதலில் தவறியது எது என்று பாருங்கள். கம்பைல் வேலையை நடத்தும் மேக் ஓடும்போதும் அப்படித்தான்: திரையின் அடியில் நிற்கும் பிழையை விட்டுவிட்டு மேலே போய் முதல் பிழையைப் பிடிக்க வேண்டும். மற்றவை பெரும்பாலும் அதன் விளைவுகள்தான்.

இன்னொன்று. கான்ஃபிகருக்கு 'பிரிஃபிக்ஸ்' (நிறுவும் இடம்) கொடுத்து உங்கள் ஹோம் டைரக்டரிக்குள் தனி இடத்தில் நிறுவுங்கள். சூடோ வேண்டாம், பிடிக்காவிட்டால் அந்த ஃபோல்டரை அழித்தால் போதும். ஒன்றும் சொல்லாவிட்டால் யூஎஸ்ஆர்-லோக்கல் என்ற பொது ஃபோல்டருக்குள் போய் உட்காரும். அப்போது மேக் இன்ஸ்டால் முடிந்ததும் நூலகப் பட்டியலைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக்கை ஓட்ட மறக்காதீர்கள். மறந்தால், டெசராக்டைக் கூப்பிடும்போது நூலகம் கிடைக்கவில்லை என்று நிற்கலாம்.

தமிழ் எழுத்துகளை டெசராக்ட் அடையாளம் காண உதவும் தமிழ்த் தரவு மூல நிரலோடு வராது, தனியாக இறக்க வேண்டும். 'ஃபாஸ்ட்', 'பெஸ்ட்' என்று வகைகள் உண்டு. நீங்கள் பெஸ்ட்டையே எடுங்கள். காரணம் உங்கள் புத்தகங்கள்தான். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சானவற்றில் ணை, லை, றா, னா எல்லாம் பழைய வடிவில் இருக்கும். இன்றைய எழுத்துருக்களில் பழகிய தரவு அங்கே தடுமாறும். அதற்கு மேற்கொண்டு பயிற்சி கொடுக்க பெஸ்ட் வகைதான் ஒத்துவரும். பயிற்சிக் கருவிகள் வெறும் மேக்கில் வராது. மேக் டிரெய்னிங் என்று தனியாகச் சொல்ல வேண்டும். அவற்றுக்குத் தேவையான ஐசியு, பாங்கோ, கெய்ரோ என்ற மூன்று நூலகங்களின் டெவ் பொதிகளையும் கான்ஃபிகருக்கு முன்பே நிறுவிவிடுங்கள்.

கேள்வி: உபுண்டுவில் பொதிகளை நிறுவும் ஆப்ட் கட்டளை ஒன்றிலேயே டெசராக்ட் வந்துவிடுகிறது. எதற்கு இவ்வளவு பாடு?
– வாசகி, தேவகோட்டை

பதில்: இன்றைய அச்சைப் படிக்க மட்டும் என்றால் ஆப்ட் போதும், அம்மா. தமிழ்த் தரவுக்கும் தனிப் பொதி இருக்கிறது. உபுண்டு தருவதைவிடப் புதிய பதிப்பு வேண்டும், அல்லது நிரலிலேயே கை வைக்க வேண்டும் என்றால்தான் மூல நிரல். 1980-களில் எச்.பி. நிறுவனத்துக்குள் தொடங்கிய மென்பொருள் இது. 2005-இல்தான் திறந்த மூலமாக வெளியானது. அப்படி வெளியானதால்தான் கோட்டையூர் வீட்டு அலமாரிப் புத்தகத்துக்காக அதைத் திருத்தும் உரிமை அந்த மாணவருக்குக் கிடைத்திருக்கிறது.